ஆலைக் கூரையில் ஏறுமுன்

வன்னியில், பரந்தனுக்குக் கிட்ட ஒரு அரிசி ஆலையில் கூரைச் சீற் மாற்றும் கொந்தராத்து மாரிக்கு முன்னம் எங்களுக்குக் கிடைத்தது. வீட்டு வேலை மாதிரி, விலை பேசியதும் ஏணியைச் சாத்தலாம் என்றுதான் பெடியள் நினைத்தார்கள். ஆலைக்காரர் கடதாசி கேட்டார்கள்: ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காப்புறுதி, எதில் என்ன ஆபத்து, அதற்கு என்ன ஏற்பாடு.

இழுத்தடித்தது காப்புறுதிதான். நாட்கூலிக்கு வருகிற ஆள் கிழமைக்குக் கிழமை மாறுவான், யாருடைய பெயரைப் போடுவது? பெயர் கொடுத்தவர் மட்டுமே கேற்றுக்குள் என்று முடிவானது. 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டப்படி, தன் தொழிலின் பகுதியான வேலையை நிறுவனம் கொந்தராத்துக்கு விட்டால், அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையிலும் விழும் என்றார் ஆலையின் பாதுகாப்பு அலுவலர். கூரை வேலை அதற்குள் வருமா என்று நான் வாதாடப் போகவில்லை.

பிறகு அவரும் நானும் ஆலையைச் சுற்றி நடந்தோம். கடதாசியை விடப் பிரயோசனப்பட்டது அந்த நடைதான். வெளிச்சத்துக்கென்று இடையிடையே போட்ட பிளாஸ்ரிக் சீற்றில் உமித்தூசும் பாசியும் படிந்து, மேலே நிற்பவனுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற்றிலிருந்து பிரித்தறிய முடியாது. அதில் கால் வைத்தால் நேரே கீழே நெல் ஏற்றும் எலிவேற்றர். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினா. அஸ்பெஸ்ரஸும் பாரம் தாங்காது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே மரச்சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, பலகையில் மட்டும் நடப்பது, இடுப்பில் பட்டி.

நாங்கள் மேலே நிற்கையில் யாரும் எலிவேற்றரைப் போட்டுவிடாமல், அதன் மெயின் சுவிச்சுக்கு ஆலையின் பூட்டு ஒன்று, எங்களுடையது ஒன்று. "தம்பி, எங்கட பூட்டுக் காணாதோ?" என்று ஃபோர்மன் ஐயா கேட்டார். "காணும் ஐயா, ஆனா மேல நிக்கிறது என்ர பெடியள்" என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

மழைத்தண்ணி போகக் குழியும் தோண்ட வேண்டியிருந்தது. இரும்பு ஏதும் தட்டுப்பட்டால், சண்டைக்கால வெடிபொருளாக இருக்கலாம் என்று, கை வைக்காமல் பொலிசுக்கு அறிவிப்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்றாலும் அதையும் எழுதச் சொன்னேன். பெடியளில் இருவர் வெளிமாவட்டம்.

இழுபறிப்பட்டது காசில். பலகைக்கும் பட்டிக்கும் யார் கொடுப்பது? அரைவாசி அவர்கள், அரைவாசி நாங்கள் என்று முடிந்தது. இப்போது விலை கொடுக்கும்போதே அதைத் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.