கடவை அளக்காமல் கட்டிய கப்பல்

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டிலிருந்து பூவாறு சைக்கிளில் போய்வரும் தூரம்தான். தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டுதான் அறிய வேண்டும்; பேச்சு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. நெய்யாறு கடலில் சேரும் அந்தப் பகுதியில் என் தாய்மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடத்து வள்ளம் ஊன்றினார். கொச்சியில் கப்பல் உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு தீவு நாட்டின் உரிமையாளர் பயணிகளையும் கார்களையும் ஏற்றிச்செல்லும் படகுக் கப்பல் ஒன்றைத் துருக்கியில் கட்டக் கொடுத்தார். அவர் சார்பில் கப்பல் கட்டும் தளத்தில் இருந்து மேற்பார்வை செய்ய என்னை அனுப்பினார்கள். புறப்படும் முன் ஊருக்குப் போனபோது மாமாவிடம் டிராயிங்கை விரித்துக் காட்டினேன். அவர் முன்பக்கத்தில் வண்டிகள் ஏறி இறங்கும் சாய்பலகையான ரேம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "வள்ளம் கொள்ளாம் மக்கா. இது எந்தக் கடவுல போய் முட்டும்? அந்தக் கடவ நீ பாத்தியா?" என்று கேட்டார். "டிராயிங் இருக்கு மாமா" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

கடவு என்பது எங்கள் பக்கத்தில் வள்ளம் வந்து சேரும் கரை. வைக்கத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் தவணக்கடவின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. 2017 முதல் 75 பேர் அமரும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு அங்கே ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயரைச் செய்தித்தாளில் பலரும் படித்திருப்பார்கள்.

வெளிநாட்டில் கப்பல் கட்டக் கொடுப்பது என்றால் கடைக்குப் போய் வாங்குவது போல என்று பலர் நினைக்கிறார்கள். பணம் ஒரே தவணையில் போவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஒரு பங்கு, முதல் இரும்புத் தகட்டை வெட்டும்போது ஒரு பங்கு, கப்பலின் அடிமுதுகெலும்பான கீல் வைக்கும்போது ஒன்று, நீரில் இறக்கும்போது ஒன்று, கையளிக்கும்போது மீதி என்று அது பிரிந்து போகும். கீலைத்தான் எங்கள் ஊர் வள்ளத்து ஆசாரிமார் ஏரா என்பார்கள். நாம் கொடுத்த பணம் கப்பலாக மாறுவதற்கு முன் தளமே திவாலாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, தளத்தின் வங்கியிடமிருந்து பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை முதலிலேயே வாங்கி வைக்க வேண்டும். வேகம் குறைந்தால் இவ்வளவு, தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு, சுமக்கும் எடை குறைந்தால் இவ்வளவு என்று தண்டத் தொகைகளும் எழுதப்பட்டிருக்கும். இதையெல்லாம் வழக்கறிஞர்கள் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் இவற்றுக்கு நல்ல மாதிரிப் படிவங்கள் உண்டு. கரையின் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லும் படிவத்தை நான் பார்த்ததில்லை.

துஸ்லாவில் பதினான்கு மாதங்கள் இருந்தேன். இஸ்தான்புல்லின் தென்கிழக்கு ஓரத்தில், மர்மரா கடலோரத்தில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகத் தளங்கள் இருக்கும் இடம் அது. காலை ஏழரை மணிக்கு வெல்டிங் வெளிச்சம் தொடங்கிவிடும். எங்கள் வேலை பெரும்பாலும் ஊர்ந்து செல்வதுதான்: இரட்டை அடித்தளத்துக்குள் டார்ச் விளக்கோடு புகுந்து, வெல்டிங் தையல் ஒவ்வொன்றையும் பார்த்து, குறையுள்ள இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வெளியே வர வேண்டும். தளத்து ஃபோர்மேன் நல்ல மனிதர். நான் இட்ட வட்டங்களை எண்ணிப் பார்த்து, அத்தனை கோப்பை தேநீர் நான் வாங்கித் தர வேண்டும் என்பார். குறை சொல்லும்படியாக அவர்கள் வேலையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். பின்னால் நேர்ந்த பிழையில் தளத்துக்குப் பங்கில்லை.

வெள்ளோட்டமும் நன்றாகவே முடிந்தது. சாய்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. கப்பலின் மேல்தளத்தில் எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, உள்ளே தொங்கவிட்ட தூக்குக்குண்டு எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து, கப்பலின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். கார் ஏற்றும் கப்பல்களுக்கு இது உயிர்நாடி. அவற்றின் கார்த்தளம் முனைக்கு முனை தடுப்பில்லாத ஒரே கூடம் என்பதால், அங்கே தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து கப்பலையே கவிழ்த்துவிடும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்தை விட்டு, முன்கதவை மூடாமலேயே கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் அப்படித்தான் சில நிமிடங்களில் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். எங்கள் கப்பலின் தூக்குக்குண்டு எதிர்பார்த்த இடத்தில் நின்றபோது, கப்பலுக்குத் தரச்சான்று தரும் கிளாஸ் அமைப்பின் சர்வேயர் பேனாவை மூடிவிட்டுப் புன்னகைத்தது நினைவிருக்கிறது.

தீவில் முதல் நாள் விழா காலையில் நடந்தது. அப்போது கடலில் ஏற்றம். அமைச்சரின் கார் வழுக்கிக்கொண்டு போவது போல ஜெட்டிக்கு இறங்கியது. மாலையில் கடல் வற்றியிருந்தது. இரண்டு வண்டிகள் கரையேறிவிட்டன. மூன்றாவதாக வந்த ஒரு தாழ்வான கார், ரேம்ப் ஜெட்டியைத் தொடும் முகட்டில் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் ஜெட்டியில், பின்சக்கரங்கள் ரேம்பில், நடுவே புகைபோக்கிக் குழாய் நசுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த அம்மாள் இறங்கி, கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் என்னவோ கேட்டார். மொழி புரியவில்லை என்றாலும் கேள்வி புரிந்தது.

நடந்தது இதுதான். ஜெட்டியின் தளம் 2 மீட்டர் உயரம் என்று உரிமையாளர் தந்த டிராயிங்கில் இருந்தது. எதிலிருந்து 2 மீட்டர் என்பதை யாரும் கேட்கவில்லை. நிலத்தில் வேலை செய்யும் கட்டடப் பொறியாளர்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளப்பார்கள். பாறசாலை ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று போட்டு எழுதியிருப்பது அந்த மட்டம்தான். கடலில் வேலை செய்பவர்களோ ஏறக்குறைய ஆகக் குறைந்த வற்றத்தின் நீர்மட்டத்தைச் சுழியாக வைத்துக்கொள்வார்கள். அந்தத் தீவில் இரண்டுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் வித்தியாசம். டிராயிங்கை வரைந்தவர் நிலத்துக்காரர், அதைப் படித்தவர் கப்பல்காரர். வற்றத்தின்போது கார்த்தளத்திலிருந்து ஜெட்டி 40 சென்டிமீட்டர் மட்டுமே உயரமாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் கணக்கிட்டிருந்தார். உண்மையில் அது 110 சென்டிமீட்டர். ஆறரை மீட்டர் நீள ரேம்பில் அது ஆறுக்கு ஒன்று என்ற சரிவு. எட்டுக்கு ஒன்றைத் தாண்டினாலே தாழ்வான கார்களுக்குச் சிக்கல்தான்.

அந்த டிராயிங் பதினான்கு மாதங்கள் என் மேசையில் கிடந்தது. ஆயிரக்கணக்கான வெல்டிங் தையல்களைப் பார்த்த நான் அந்த ஒரு எண்ணைப் பார்க்கவில்லை.

என் பிழை சிறியது என்று ஆறுதல்பட்டுக்கொள்ள, பெரிய நாடுகளின் கதைகளைப் பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன். நியூசிலாந்தில் வடக்கு, தெற்குத் தீவுகளை இணைக்கும் இன்டர்ஐலண்டர் சேவைக்கு இரண்டு பெரிய கப்பல்களை 2021இல் தென்கொரியாவின் ஹூண்டாய் மீப்போ தளத்தில் 55.1 கோடி நியூசிலாந்து டாலருக்குக் கட்டக் கொடுத்தார்கள். விலை நிலையானது, நல்ல ஒப்பந்தம். ஆனால் அந்த நீளமான கப்பல்கள் வந்து நிற்பதற்கு இரண்டு கரைகளிலும் துறைகளை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவு ஏறிக்கொண்டே போய், மொத்தத் திட்டம் 300 கோடியை நெருங்கியது. கப்பல்களின் விலை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2023 டிசம்பரில் அரசு கூடுதல் பணம் தர மறுத்தது, திட்டம் நின்றது. கட்டாத கப்பல்களுக்காகத் தளத்துக்கு 14.4 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இப்போது சீனாவின் குவாங்சோ தளத்தில், சற்றுச் சிறிய கப்பல்களை 2029க்கு வரும்படியாகக் கட்டக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் கதை வேறு மாதிரி. அங்கே உள்ளூர்த் தளத்துக்கே வேலை கொடுக்க வேண்டும் என்று 2015இல் இரண்டு கப்பல்களை 9.7 கோடி பவுண்டுக்குக் கிளைடு ஆற்றங்கரையில் கட்டக் கொடுத்தார்கள். முதல் கப்பலான கிளென் சன்னாக்ஸை 2017இல் நீரில் இறக்கிய விழாவில், பொருத்தப்படாத கண்ணாடிகளின் இடத்தில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அது சேவைக்கு வந்தது 2025 ஜனவரியில். இரண்டுக்கும் சேர்ந்த செலவோ நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் செய்தித்தாள்களில் ஏராளமாக எழுதப்பட்டது. என் கண் நின்றது வேறிடத்தில்: அர்ரான் தீவுக்குப் போகும் வழக்கமான துறையான அர்டிராஸனில் அந்தக் கப்பல் ஒதுங்க முடியாது, ஆகவே ட்ரூனிலிருந்து ஓடுகிறது. இதற்கிடையே மற்ற தீவுகளுக்கு 450 பயணிகளையும் 100 கார்களையும் ஏற்றும் நான்கு கப்பல்களைத் துருக்கியின் யலோவாவில் கட்டக் கொடுத்தார்கள். அவையும் குறித்த நாளில் வரவில்லை.

கிளைடு என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போட் மெயில் ரயிலின் பயணிகளைக் கொண்டு சேர்த்த கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற நீராவிக் கப்பல்கள் அதே ஆற்றங்கரையின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு இங்கே வந்தவைதான். ஒரு காலத்தில் நமக்குப் படகுக் கப்பல் கட்டித் தந்தவர்கள் இன்று துருக்கியில் கட்டக் கொடுக்கிறார்கள்.

இலட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து ஓடும் கோரல்ஸ், லகூன்ஸ் இரண்டும் கொழும்புத் தளத்தில் கட்டப்பட்டவை, ஒவ்வொன்றிலும் 400 பயணிகள் போகலாம். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பல தீவுகளில் கப்பல் கரையோடு வந்து நிற்க முடிவதில்லை. பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட, பயணிகள் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகுகளுக்கு மாறுகிறார்கள். அலை படகைத் தூக்கும் நொடியில் கையைப் பிடித்து இறக்குவார்கள். வயதான ஒருவரை அப்படி இறக்குவதைப் பார்க்கும்போது, கப்பலின் குளிர்சாதன அறையைப் பற்றிப் பேச மனம் வராது.

இதைச் சரியாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் படகுகளைவிட எனக்குப் பிடித்தது மிதக்கும் ஜெட்டிகள். கடல் ஓதத்தால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஜெட்டியும் படகோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், சக்கர நாற்காலியைக்கூடத் தூக்காமல் உருட்டிச் செல்லலாம். படகுகளைக் கட்டிய கொச்சித் தளம், நார்வேக்காரர்களுக்கு ஒரு வெளிநாட்டுத் தளம். 2022இல் அவர்களுடைய அஸ்கோ நிறுவனத்துக்காக, 67 மீட்டர் நீளத்தில் 16 லாரி டிரெய்லர்களை ஏற்றும் மின்கலக் கப்பல்கள் இரண்டைக் கட்டி, வேறொரு பெரிய கப்பலின் மேல் ஏற்றி அனுப்பினார்கள். அவை கடக்க வேண்டிய அதே ஆஸ்லோ ஃபியர்டில், துருக்கியில் கட்டிய பாஸ்டோ எலக்ட்ரிக் 200 கார்களோடு 2021 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கலக் கப்பல் வாங்குபவர் கரையை மறக்கவே முடியாது, மின்னேற்றும் கம்பம் அங்கேதான் நிற்க வேண்டும். ஒருவகையில் அந்தக் கட்டாயம் நல்லது.

எங்கள் கப்பலுக்கு வந்த தீர்வு பத்து மீட்டர் நீளப் புதிய ரேம்ப். கேட்பதற்கு எளிது. ரேம்ப் நீண்டால் எடை கூடும், அது மடங்கும் மூட்டும் ஹைட்ராலிக் உருளையும் போதாது, முன்பக்கம் தாழும், ஆகவே பின்பக்கம் எடை வைக்க வேண்டும். சாய்வுச் சோதனையை மறுபடி செய்து, கிளாஸ் ஒப்புதலை மறுபடி வாங்கினோம். ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை வற்ற நேரங்களில் இரண்டு ஆட்கள் ஆப்பு வடிவப் பலகைகளை முகட்டின் இரு பக்கமும் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளை ஏற்றி ஓடிய பழைய ஜங்கார் படகில் இதே போன்ற பலகைகளைப் பார்த்திருக்கிறேன். 2018இல் வண்டிகள் உருண்டே ஏறி இறங்கும் சேதுசாகர் ரோரோ படகுகள் அங்கே வந்தபோது ஜெட்டிகளையும் உடன் கட்டினார்கள்.

மாமாவிடம் நான் இதைச் சொன்னது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பலகைகள் என்ன மரம் என்று கேட்டார். பைன் என்றேன், உப்புத் தண்ணீரில் அது நிற்காது, ஆஞ்சிலி வாங்கியிருக்க வேண்டும் என்றார்.

கழற்றிய பழைய ரேம்ப் இன்னும் அந்த ஜெட்டியின் ஓரத்தில்தான் கிடக்கிறது. வெயிலில் நன்றாகச் சூடேறுவதால் அதன் மேல் மீன் காயப்போடுகிறார்கள் என்று அங்குள்ள நண்பர் சென்ற மாதம் படம் அனுப்பினார்.