பிஷப் ஷீனின் நகைச்சுவை

கணவருக்கு கேட்டர்பில்லர் கம்பெனியில் வேலை என்றதும் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவுக்கு வந்து சேர்ந்தோம். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டுப்போகக் கூடாதே என்பதுதான் முதல் கவலை. இரட்டைக் கோபுரத்தோடு செயின்ட் மேரி பேராலயம் ஊர் நடுவிலேயே இருந்தது. பூசை புரிந்தது, பிரசங்கம்தான் புரியவில்லை. சாமியார் ஏதோ சொல்வார், கோயிலே சிரிக்கும். நானும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்து வைப்பேன்.

அந்தப் பேராலயத்துக்குள்தான் பிஷப் ஃபுல்டன் ஷீனின் கல்லறை இருக்கிறது. 1979இல் நியூயார்க்கில் இறந்தவரை 2019இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து எல் பாசோவில் பிறந்து, சிறுவனாக இதே கோயிலில் பூசைக்கு உதவியவர். ஒருநாள் பூசைக்கான திராட்சை ரசக் குப்பியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு நடுங்கி நின்றாராம். ஆயர் ஸ்பால்டிங் திட்டவில்லை. பெரியவனானதும் நீ பெல்ஜியத்தில் இருக்கும் லூவெய்ன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போவாய் என்றாராம். அப்படியே போகவும் செய்தார்.

"அவர் பேச்சைக் கேள், எங்கள் இங்கிலீஷ் பழகிவிடும்" என்று கோயிலில் ஒரு பாட்டி சொன்னார். சரி என்று யூடியூபில் தேடினேன். 1952 பிப்ரவரியில் டூமாண்ட் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி. மேலங்கி, மார்பில் சிலுவை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். கையில் குறிப்பு கிடையாது. பலகை நிறைந்ததும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார். கேமரா திரும்புவதற்குள் மேடைப் பணியாளர் ஒருவர் அதைத் துடைத்திருப்பார். என் தேவதூதன் வேலை அது என்பார் ஷீன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு அவர் விடும் இடைவெளியில் எனக்கு அர்த்தம் பிடிபட்டுவிடும். அந்தப் பேச்சை முன்கூட்டியே இத்தாலியனில் ஒருவரிடமும் பிரெஞ்சில் ஒருவரிடமும் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வருவாராம்!

ஷீனின் நிகழ்ச்சி வந்த செவ்வாய் இரவு, அதே நேரத்தில் வேறு சேனலில் நகைச்சுவை மன்னன் மில்டன் பெர்ல். 'அவரும் பழைய சரக்கைத்தான் ஓட்டுகிறார்' என்று பெர்ல் கிண்டலடித்தார். ஷீனும் சளைத்தவரில்லை. தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தபோது, தனக்கு எழுதித் தந்தவர்கள் என்று பைபிளில் நற்செய்தி எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வருக்கும் நன்றி சொன்னார்.

எனக்குப் பிடித்தது பிலடெல்பியா கதை. பேச்சு நடக்கும் மண்டபத்துக்கு வழி தெரியாமல் சில பையன்களிடம் கேட்கிறார். அங்கே என்ன பேசப் போகிறீர்கள் என்கிறார்கள். சொர்க்கத்துக்கு வழி சொல்லப் போகிறேன் என்கிறார். 'மண்டபத்துக்கே வழி தெரியவில்லை, இதில் சொர்க்கமா?' கணவரின் அலுவலக விருந்தில் நான்கு பேர் நடுவே இதைச் சொன்னேன். இந்த ஊரில் என் இங்கிலீஷுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. தன்னையே கேலி செய்துகொள்கிறவரோடு இங்கே சட்டென்று ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஒத்துப்போகாது. கம்யூனிசத்தைப் பற்றி ஆரம்பித்தால் நான் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன். அது அந்தக் காலத்துச் சண்டை.

ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். முழங்காலிட்டு எழுந்தவர், "டிவியில எவ்வளவு நேரம் பேசுவாரு?" என்றார்.

"அரை மணிக்குள்ள முடிச்சிருவாருமா."

"நம்ம பங்குச்சாமிகிட்ட இத நீயே போன் போட்டுச் சொல்லு."