தீயணைப்புச் சாமான் கொட்டில்: எங்கே போடுவது, எப்படிக் கட்டுவது

ஊருக்கென்று ஒரு பம்ப், நாலைந்து ஹோஸ், உழவு மெசினில் கொளுவி இழுக்கிற தண்ணீர் பவுசர் ஒன்று சேர்ந்தவுடன் கூட்டம் போடுவார்கள். "எங்கே காணி சும்மா கிடக்கு?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஒருவர் கோயில் வளவைச் சொல்வார், இன்னொருவர் பாவனையில் இல்லாத கூட்டுறவுக் கட்டடத்தைச் சொல்வார், மூன்றாமவர் ஊருக்கு வெளியே மைதானத்து மூலையைக் காட்டுவார். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் ஓடிவரக்கூடிய நாலு பேர் இந்த ஊரில் எந்த இடத்தில் இருப்பார்கள்? கொட்டில் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படையில் ஆளும் வண்டியும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். தொண்டர்களுக்கு இரண்டு பயணம்: வீட்டிலிருந்து கொட்டிலுக்கு, கொட்டிலிலிருந்து தீக்கு. குடிமனையிலிருந்து 2 கிலோமீற்றர் தள்ளிக் கொட்டில் போட்டால், மோட்டார் சைக்கிளில் அங்கே போக 4 நிமிடம். மெசின் பவுசரை இழுத்துக்கொண்டு மணிக்கு 20 கிலோமீற்றரில் திரும்பி வர 6 நிமிடம். தீக்குக் கிட்டவே இருந்த ஆள் பத்து நிமிடத்தை றோட்டில் விட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார். இலவசக் காணியின் உண்மையான விலை அந்தப் பத்து நிமிடம்.

திருகோணமலைக் கரையோர ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் பலமான ஆட்கள் என்று நாம் நினைப்பவர்கள் இரவில் கடலில் நிற்பார்கள். தம்பலகாமத்தில் விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலில். பெயர்ப்பட்டியலில் முப்பது பேர் இருந்தும் கூப்பிட்டால் மூன்று பேர் வருவது இதனால்தான். ஊரை விட்டு அசையாதவர்கள் வேறு ஆட்கள்: ஓட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள், வெல்டிங் பட்டறைக்காரர், கராச்சில் வேலை செய்பவர்கள், அரிசி ஆலைக்காரர். இவர்களுக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியும், என்ஜின் ஸ்டார்ட் பண்ணத் தெரியும், வாகனமும் கையில் இருக்கும். ஆகவே சந்தியில், ஓட்டோ ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரைப் பரப்புக் காணி கிடைத்தால், ஊர்க் கோடியில் கிடைக்கும் அரை ஏக்கரை விட அது மேல். பெண்களையும் பட்டியலில் சேருங்கள். பகலில் வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எந்த வேலைக்கு இந்தச் சாமான் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நகரத்திலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர், குச்சவெளி 35 அளவில். புல்மோட்டை வீதியில் மணிக்கு 60இல் தடங்கலில்லாமல் வந்தாலும் குச்சவெளிக்கு அரை மணிக்கு மேல். கிடுகுக் கூரை பிடித்தால் அந்த வீட்டைக் காப்பாற்ற அவ்வளவு நேரம் கிடையாது. நகரத்து வண்டி வரும்வரை அடுத்த வீட்டைக் காப்பதுதான் தொண்டர் வேலை: பக்கத்துக் கூரையை நனைப்பது, ஓலை வேலியை அறுத்து இழுப்பது, கச்சான் காற்றில் பறந்து போய் விழும் பொறியைத் தேடித் தேடி அணைப்பது. இதற்கு வேண்டியவை இருவர் தூக்கக்கூடிய பம்ப், கொக்கத்தடி, கத்தி, முதுகில் கொளுவும் மருந்தடிக்கும் டாங்கி. அந்த டாங்கியைப் புதிதாக வாங்குங்கள். களைநாசினி அடித்த பழையது வேண்டாம். பெரிய சிவப்பு வண்டி ஆசை வந்தால், அது குச்சு ஒழுங்கைக்குள் திரும்புமா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இடத்தை முடிவுசெய்யுமுன் தடைகளைப் பார்க்க வேண்டும். றெயில் கடவை, பாலம், மழைக்கு மூழ்கும் றோட்டு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. 396 மீற்றர் நீளம், கடப்பது நிமிட வேலை. ஆனாலும் அவ்வளவு நீளப் பாலத்தில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டால் ஒரு கரைச் சாமான் மறு கரைக்கு உதவாது. ஒரு கரையில் பெரிய பம்பும் மறு கரையில் சின்னப் பம்பும் இருப்பது நல்லது. மூதூர், வெருகல் பக்கம் மாரியில் மகாவலித் தண்ணீர் ஏறும். 2011 ஜனவரி வெள்ளம் எந்தப் படிவரை நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, அந்தக் குறிக்கு மேல் 2 அடி உயர்த்தித் தளம் போடுங்கள். தளம் உயர்ந்து, வெளியே வரும் றோட்டு தாழ்ந்திருந்தால் பயனில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரை வீதிக்கு முகம் கொடுத்துக் கொட்டில் கட்டாதீர்கள். 2004 சுனாமி ஒரு காரணம், வருடம் முழுக்க அடிக்கும் உப்புக் காற்று இன்னொன்று. முதல் காரணம் எப்போதாவது வரும். இரண்டாவது தினமும் வேலை செய்கிறது. மீன் வாடிப் பக்கம் தீ ஆபத்து அதிகம்தான். போட் என்ஜினுக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெய், நைலோன் வலை, றெஜிபோம், ஓலைக் கொட்டில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அங்கே பம்பை வைக்காமல் ஒரு மரப் பெட்டி வையுங்கள்: 6 கிலோ உலர்பொடி அணைப்பான் இரண்டு, வாளி ஆறு, சாக்கு நாலு, கொக்கத்தடி இரண்டு. எண்ணெய் எரியும்போது தண்ணீரை வீசினால் எண்ணெய் மிதந்து பரவும். அங்கே பொடியும் மணலும்தான் வேலை செய்யும், மணலுக்குக் கடற்கரையில் பஞ்சமில்லை.

தண்ணீர் கொட்டிலோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பவுசர் நிரப்பவும் கழுவவும் ஒரு குழாய் போதும். தீப்பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன தண்ணீர் இருக்கிறது என்ற வரைபடம்தான் முக்கியம், அதைக் கொட்டில் சுவரில் ஒட்ட வேண்டும். கிணறு என்று மட்டும் குறித்தால் போதாது. 1.5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 1.2 மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 2,100 லீற்றர். நிமிடத்துக்கு 400 லீற்றர் இழுக்கும் பம்ப் அதை ஐந்து நிமிடத்தில் காலி செய்யும். ஓகஸ்டில் அந்த 1.2 மீற்றரும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் கோடையில் அளந்து அந்த அளவைக் குறியுங்கள். தண்ணீர் மட்டம் பம்பிலிருந்து 7 மீற்றருக்குக் கீழே போனால் உறிஞ்சும் பம்ப் எதுவும் நம்பத்தக்கதல்ல. 5 மீற்றருக்குள் இருந்தால் நிம்மதி. குளம், களப்பு, கடல் எல்லாம் எடுக்கலாம். ஆழம் குறைந்த மணல் கரையில் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியை வெறுமனே போட்டால் மணலை வாரி இழுத்து, பம்புக்குள் சுழலும் விசிறியை (இம்பெலர்) அராவிவிடும். ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வடிகட்டியை வைத்துக் கட்டி, கூடையைப் பலகையில் இருத்துங்கள்.

இனிக் கட்டடம். 3,000 லீற்றர் பவுசர் பெட்டியும் பம்பும் ஹோஸ் தட்டும் வைக்க 24க்கு 14 அடி தேவை. 20க்கு 12இல் ஒடுக்கலாம், ஆனால் பெட்டியைச் சுற்றி ஆள் நடக்க 3 அடி விடாவிட்டால் இருட்டில் ஒருவர் முழங்கால் உடைப்பார். வாசல் 10 அடி அகலம், 9 அடி உயரம். பெட்டியின் இழுவைத் தண்டு எப்போதும் வாசல் பக்கம் பார்க்க வேண்டும். கொளுவும் ஆணி (பின்) தண்டிலேயே சங்கிலியில் தொங்க வேண்டும். ஊரில் உள்ள எல்லா மெசினிலும் கொளுவிப் பாருங்கள். துவாரம் பொருந்தாத மெசின் எது என்று தீயன்று தெரியக் கூடாது. பவுசரை ஒன்றில் முழுதாக நிரப்பி வைக்க வேண்டும், அல்லது வெறுமையாக. பாதித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கம் அடித்துப் பெட்டியைச் சரிக்கும். முழுதாக நிற்கும் 3,000 லீற்றர் மூன்று தொன் பாரம், ஆகவே அச்சுக்குக் கீழ் முட்டுக் கொடுத்து டயரில் பாரம் ஏறாமல் வையுங்கள். மூடிக்கு நுளம்பு வலை கட்டாயம், இல்லாவிட்டால் தீ வருமுன் டெங்கு பார்க்க வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார்.

தளம் 4 அங்குலக் கொங்கிறீட், பவுசர் நிற்கும் இடத்தில் 6 அங்குலம். வாசலை நோக்கி ஒவ்வொரு 100 அடிக்கும் 1 அடி என்ற கணக்கில் சரிவு. சுவர் புளொக் கல். பழைய 20 அடிக் கொள்கலன் வாங்கி வைத்தால் முடிந்தது என்று நினைப்பவர் பலர். உள்ளே அகலம் 2.35 மீற்றர்தான். வெயிலில் அடுப்பாகும், இரவில் வியர்க்கும், றப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். மேலே கிடுகு நிழல் போடலாம் என்றால், தீயணைப்புக் கொட்டிலுக்கு ஓலைக் கூரையா? வேறு வழியே இல்லாவிட்டால் தகரத்தில் இரண்டாவது கூரையை ஒரு அடி இடைவெளி விட்டுப் போட்டு, இரு முனையிலும் காற்றுத் துவாரம் வெட்டுங்கள்.

கதவில்தான் அதிகம் பிழை நடக்கிறது. உருக்கு ஷட்டர் உப்பில் சிக்கிக்கொள்ளும். மோட்டார் ஷட்டர் கரன்ட் இல்லாத இரவில் சுவர் மாதிரி நிற்கும், தீ பிடிக்கிற இரவில் கரன்ட் போவதும் சகஜம். வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு நல்லது, ஆனால் கச்சான் காலத்தில் அடியில் மணல் சேர்ந்து கதவை நெரிக்கும். அதனால் கதவின் அடி தரையிலிருந்து 4 அங்குலம் மேலே நிற்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பழைய டயர் றப்பரைத் தொங்கவிட்டால் எலியும் குறையும். திறந்த கதவைக் காற்று அடித்துச் சாத்தாமல் இருக்க இரு பக்கமும் கொளுக்கி. பிணைச்சல், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கில், பூட்டு பித்தளையில். வாசலுக்கு முன்னால் 20 அடி வெறும் நிலம் இருக்கட்டும். அங்கே மரம் நடாதீர்கள். நிழல் இருந்தால் ஓட்டோ நிற்கும், எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் நிற்கும்.

ஹோஸ் காயவைப்பது பலர் மறக்கும் விஷயம். 65 மில்லிமீற்றர் ஹோஸில் ஒரு மீற்றருக்கு 3.3 லீற்றர் தண்ணீர் நிற்கும், 20 மீற்றர்த் துண்டில் 66 லீற்றர். நனைந்தபடி சுருட்டினால் கான்வஸ் பூஞ்சணம் பிடித்து உக்கும். பொலியெஸ்டர் உக்காது, ஆனால் உள் றப்பர் ஒட்டிக்கொள்ளும். உயரக் கோபுரம் தேவையில்லை. கொட்டிலின் வெளிச் சுவரோடு ஒரு பக்கம் உயர்ந்த சரிவுத் தட்டு, மேலே தகர நிழல் போதும். வெயில் நேரே படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிச் சுருட்டாவிட்டால் அதே மடிப்பில்தான் வெடிக்கும். வாங்கும்போது நகரத் தீயணைப்புப் பிரிவு எந்தக் கொளுவியைப் பாவிக்கிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வந்தும் உங்கள் ஹோஸ் அவர்கள் வண்டியில் ஏறாது.

பம்ப் பற்றி ஒரு எச்சரிக்கை. வயலுக்கு வைக்கும் 3 அங்குலப் பம்ப் நிமிடத்துக்கு 1,000 லீற்றர் அளவில் தள்ளும், ஆனால் உயர்த்துவது 25, 30 மீற்றரோடு முடிந்துவிடும். அதாவது 3 பார் அழுத்தம் கூட இல்லை. பவுசர் நிரப்ப நல்லது, கூரைக்குப் பீச்ச உதவாது. பீச்ச 50 மீற்றருக்கு மேல் தூக்கும் உயரழுத்தப் பம்ப் வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரோடு பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெறுமையாக ஓட்டினால் சீல் எரிந்துபோகும். கடல் தண்ணீர் எடுத்த அன்றே நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். டாங்கியில் உள்ள பெற்றோலை மாதம் ஒருமுறை யாருடைய மோட்டார் சைக்கிளுக்காவது ஊற்றிவிட்டுப் புதிது நிரப்புங்கள். பழைய பெற்றோல் கார்பரேட்டரில் பிசினாகப் படிந்துவிட்டால் கயிறு இழுத்துத் தோள்தான் வலிக்கும். மேலதிக பெற்றோல் கொட்டிலுக்குள் வேண்டாம். வெளிச் சுவரோடு நிழலில், காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியில் 5 லீற்றர்க் கேன் இரண்டு. சைலன்சர் வாயிலும் நொசில் வாயிலும் துணித் துண்டு திணித்து அதில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடுங்கள். குளவி மண் கூடு கட்ட இரண்டு நாள் போதும்.

பற்றரியில் ஸ்டார்ட் ஆகும் பம்பென்றால் 20 வாட் சோலார் பலகையும் கட்டுப்படுத்தியும் போதும். வோல்ட் 12.4க்குக் கீழே நின்றால் சார்ஜ் பண்ண வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வசதி இல்லாத பம்பை வாங்காதீர்கள்.

திறப்பு ஒரே ஆளிடம் இருந்தால் அவர் கொழும்புக்குப் போன அன்று கொட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நம்பர் பூட்டு போட்டு, எண்ணை எட்டுப் பேருக்குச் சொல்லுங்கள். ஒருவர் விலகினால் எண்ணை மாற்றுங்கள். கதவின் உட்புறத்தில் நகரத் தீயணைப்புப் பிரிவின் தொலைபேசி எண்ணைப் பெயின்ரில் எழுதுங்கள். ஆட்களைக் கூப்பிட வாட்ஸ்அப் மட்டும் போதாது, இரவில் போன் சத்தமில்லாமல் கிடக்கும். கோயில் மணிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கடைசியாக இரவல். கொட்டிலில் பம்ப் இல்லாமல் போவது திருட்டினால் அல்ல. கோடையில் ஒருவர் தோட்டத்துக்கு வாங்கிப் போவார், கலியாண வீட்டுக்கு பவுசர் போகும். இல்லையென்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது. அதனால் இரவலுக்கென்றே மலிவான 2 அங்குலப் பம்ப் ஒன்றை வேறு நிறத்தில் பெயின்ற் அடித்து வாசலோரம் வையுங்கள். பவுசர் போக வேண்டி வந்தால், எங்கே நிற்கிறது என்று கதவில் சோக்கால் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வரும்போது நிரம்பியிருக்க வேண்டும், தண்டு வாசலைப் பார்க்க வேண்டும், ஆணி சங்கிலியில் இருக்க வேண்டும்.