நாவற்பழ ஆய்வு: கலம் போடாத அந்த மூன்று குழிகள்

றிசல்ட்ஸ் போன கிழமை வந்தது. இறுதியாண்டு ஆய்வுக்கு பி பிளஸ். வைவா (வாய்மொழிப் பரீட்சை) முடிஞ்ச அண்டு பாஸ் பண்ணுவனோ எண்டே தெரியாமல் வீட்ட போன எனக்கு இது பெரிய ஆறுதல். அடுத்த பட்ச்சில பழங்களின்ர புற்றுநோய் எதிர்ப்புத் தன்மையை எடுக்கப்போற தம்பி தங்கச்சிமாருக்காக மறக்க முதல் எழுதுறன்.

நான் எடுத்தது நாவல். திருநெல்வேலிச் சந்தையில வாங்கி, சதையைப் பிரிச்சு, எதனோலில ஊறவைச்சு, கரைப்பானை ஆவியாக்கி எக்ஸ்ட்ராக்ட் (பிழிவு) எடுத்தன். சீனி கூடின பழம் தூளாக வராது, பாகு மாதிரி ஒட்டும். நிறுக்கவே ஒரு நாள் போச்சு. எம்சிஎஃப்-7 எண்ட மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் கொழும்பில ஒரு ஆய்வுகூடத்திலதான் கிடைச்சது. எக்ஸ்ட்ராக்டை ஐஸ் பெட்டியில வைச்சுக்கொண்டு இரவு பஸ் ஏறினன்.

பிளேட்டின்ர சின்னக் குழிகளில கலங்களை வளர்த்து, எக்ஸ்ட்ராக்டை விட்டு, எவ்வளவு கலம் உயிரோட இருக்கெண்டு எம்டிடி எண்ட சாயத்தால அளந்தன். மில்லிலீற்றருக்கு 50, 100 மைக்ரோகிராமில கலங்கள் குறைஞ்சது. 400இல திரும்ப ஏறி, எக்ஸ்ட்ராக்ட் விடாத கலங்களோட ஒப்பிட 118 வீதத்தில நிண்டுது. "கூடின செறிவில கலங்கள் பெருகுது" எண்டு அறிக்கையில விளக்கமும் எழுதிப்போட்டன்.

வைவாவில முதல் கேள்வியே, "கலம் இல்லாத குழியில உம்மட எக்ஸ்ட்ராக்டையும் எம்டிடியையும் மட்டும் விட்டுப் பாத்தனீரா?"

பாக்கேல்லை.

உயிருள்ள கலத்தின்ர நொதியங்கள் மஞ்சள் எம்டிடியை ஊதா ஃபோர்மசானாகத் தாழ்த்தும் எண்டு எல்லாரும் பாடமாக்கிறம். ஆனால் பழங்களில இருக்கிற பொலிபீனோலும் விற்றமின் சியும் கலமே இல்லாமல் அதே வேலையைச் செய்யும். நாவல், நெல்லி, மாதுளை எல்லாத்திலயும் இது கிடக்கு. செத்த கலத்தையும் உயிரோட இருக்கிற மாதிரிக் காட்டிப்போடும். திருத்தத்துக்குத் தந்த மூன்று கிழமையில எங்கட ஆய்வுகூடத்திலேயே செய்து பாத்தன். எக்ஸ்ட்ராக்டும் எம்டிடியும் விட்ட ஒரு சோதனைக் குழாய், 37 பாகை நீர்த்தொட்டி, அவ்வளவுதான். மூன்று மணித்தியாலத்தில ஊதா. பஸ் ஏற முதலே இதைச் செய்திருக்கலாம் எண்டதை நினைக்க இப்பவும் வயிறு எரியுது.

ஆனபடியால்:

- ஒவ்வொரு செறிவுக்கும் கலமில்லாத மூன்று குழி. அந்த அகத்துறிஞ்சலைக் கழியுங்கோ. மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான்.
- எம்டிடி விட முதல் எக்ஸ்ட்ராக்டை அகற்றிப்போட்டு, கலங்களை பிபிஎஸ்ஸால (கலத்துக்குப் பாதிப்பில்லாத உப்புக் கரைசல்) கழுவுங்கோ.
- வசதி இருந்தால் எஸ்ஆர்பி எண்ட சோதனையும் செய்யுங்கோ. அது புரதத்தில பிடிக்கிற சாயம், இந்தக் குழப்பம் வராது.
- 96 குழிப் பிளேட்டில ஓரத்து 36உம் காய்ஞ்சு போகும், அதுக்குள்ள பிபிஎஸ் மட்டும். 60ஐ வைச்சுத் திட்டமிடுங்கோ.
- எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ கரைப்பான் 0.5 வீதத்தைத் தாண்டக்கூடாது.
- வீரோ (குரங்குச் சிறுநீரகக் கலம்) மாதிரி புற்றுநோய் இல்லாத ஒரு சாதாரண கலத்திலயும் பாருங்கோ. கண்ட கலத்தையெல்லாம் கொல்லுற எக்ஸ்ட்ராக்டை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

இன்னொண்டு. பக்கத்து வீட்டு மாமி தெல்லிப்பழையில கீமோ எடுக்கிறா. என்ர தலைப்பைக் கேட்டிட்டு, "அப்ப நாவல் சாறு குடிச்சால் ஊசி தேவையில்லையோ பிள்ளை?" எண்டா. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. முத்தத்துப் பட்டிப்பூவில இருந்துதான் வின்பிளாஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்து வந்தது. ஆனால் பிரிச்சு, சுத்தமாக்கி, அளந்து ஏத்திறதாலதான் அது மருந்து. செடியை அவிச்சுக் குடிச்சால் நஞ்சு. இதை மாமிக்கு ஆறுதலாக இருந்து சொல்லி, கிளினிக் திகதியை விடவேண்டாம் எண்டும் கேட்டன். அண்டிரவே தலைப்பில இருந்த "புற்றுநோயைக் குணமாக்கும்" எண்டதை வெட்டி "கலநச்சுத் தன்மை" எண்டு மாத்தினன்.