நடுவுல ஒருத்தர் எதுக்கு

சின்ன வயசுல எங்க பாட்டி ராத்திரி ஜெபத்தை "இயேசுவின் நாமத்துல கேக்குறோம் நல்ல பிதாவே"ன்னு முடிக்கும், ஆமென் வந்துட்டா தூங்கலாம்னு நான் அதுக்குத்தான் காத்துட்டு இருப்பேன். நேரா கேக்காம நடுவுல ஒருத்தர் எதுக்குன்னு ரொம்ப லேட்டாதான் யோசிச்சேன். பைபிள்ல 1 தீமோத்தேயு 2:5ல கடவுளுக்கும் மனுஷருக்கும் நடுவுல மத்தியஸ்தர் ஒருத்தர்தான், அது இயேசுன்னு வருது, அவரை மனுஷன்னும் சொல்லுது, அந்த மனுஷன்ங்கிற வார்த்தைலதான் விஷயமே இருக்கு. நிலத்தரகர் மாதிரி ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கிட்டு போற ஆளு இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர். யோபு 9:33ல பாவம் அந்த யோபு, உடம்பெல்லாம் புண்ணோட உக்காந்து, கடவுள், நான்னு எங்க ரெண்டு பேர் மேலயும் கை வைக்க ஒரு மத்தியஸ்தன் இல்லையேன்னு புலம்புறாரு. ஒரு கை அங்க, ஒரு கை இங்க. பாட்டி ஜெபிக்கிறப்ப கை என் தலைமேலதான் இருக்கும், தேங்கா எண்ணெ வாசனையோட.