வினாப்பட்டியலை விட்டு வகுப்பறைக்குள் போன ஆய்வு

புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, வைஃபை எல்லாம் வந்த பிறகு நம் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தரம் கூடியிருக்கிறதா? என் முனைவர் பட்ட ஆய்வு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்து முடித்தேன். இதே மாதிரித் தலைப்பில் பதிவு செய்தவர்கள் முதலில் என்னிடம் கேட்பது, "எந்த வினாப்பட்டியல் வைத்தீர்கள்?" என்றுதான். வினாப்பட்டியலை மட்டும் நம்பி இந்தத் தலைப்பில் இறங்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரியும். ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை (ஒருவர் புதுக் கருவியை ஏன் ஏற்கிறார் என்று விளக்கும் மாதிரி) எடுத்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து புள்ளி கொண்ட லிக்கர்ட் அளவுகோலில் கேள்விகள் தயாரித்து, குரோன்பாக் ஆல்பா என்ற புள்ளியியல் அளவு 0.7ஐத் தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தரவு சேகரிக்கப் போய்விடுவோம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்பா சொல்லும். பதில் உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

முன்னோட்ட ஆய்வில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் துறை அலுவலகத்தில் மொத்தமாக வைத்து நிரப்பித் தந்த படிவங்களில், மேலிருந்து கீழ்வரை 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற கட்டத்திலேயே டிக் விழுந்திருந்தது. 'தொழில்நுட்பம் என் வகுப்புக்கு இடையூறாக இருக்கிறது' என்று வேண்டுமென்றே எதிர்மறையாக வைத்திருந்த கேள்விக்கும் அதே டிக். ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிவத்தைப் பார்த்தாலே தரமதிப்பீட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கும் அளவுக்கு அவர்கள் படிவம் நிரப்பியே சலித்துப் போயிருக்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பிலும், எத்தனை சதவீத ஆசிரியர்கள் புரொஜெக்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அந்தக் கருவியை வைத்து வகுப்பில் என்ன நடந்தது என்பது அந்தச் சதவீதத்துக்குள் வராது.

அப்புறம்தான் நெறியாளர் 'கோபஸ்' (COPUS) என்ற வகுப்பறை நோக்கு முறையைக் காட்டினார். 2013இல் வெளியானது, அதை உருவாக்கிய நால்வரில் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமனும் ஒருவர். வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று 25 குறியீடுகளில் குறிக்க வேண்டும். நல்ல வகுப்பு, மோசமான வகுப்பு என்று மதிப்பெண் போடும் வேலை இதில் இல்லை. அதனால்தான் ஆசிரியர்கள் சம்மதித்தார்கள். அப்போது எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு நாங்களே தனியாக ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்துக்கொண்டோம்.

அனுமதி வாங்குவதுதான் பெரிய மலை. முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதாது. ஆசிரியர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். "குறிப்புத்தாள் முதல்வருக்கோ தரக் குழுவுக்கோ போகாது, உங்களுக்கு மட்டும் ஒரு நகல் தருவேன்" என்று எழுதிக் கொடுத்த பிறகே பலர் கதவைத் திறந்தார்கள். இன்னொரு ஆய்வாளரும் நானும் ஒரே வகுப்பில் தனித்தனியாகக் குறித்து, இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பா 0.8ஐத் தாண்டும் வரை பழகினோம். இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம்.

இரண்டு வகுப்புகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒன்றில் பவர்பாயிண்ட் வரி வரியாக வாசிக்கப்பட்டது. என் தாளில் 'விரிவுரை', 'கேட்டல்' என்ற இரண்டு பத்திகள் மட்டும் நிரம்பிக்கொண்டே போயின. தொடக்கத்தில் கேபிள் பொருந்தாமல் கழிந்த நேரம் 'காத்திருத்தல்' பத்தியில் விழுந்தது. கருவி சரிசெய்யும் வரை மாணவர்கள் சும்மா இருப்பதும் அந்தக் குறியீட்டில்தான் வரும். இன்னொரு வகுப்பில் சாக்பீஸ் மட்டுமே. பாடம் நடத்திய அம்மா ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, "அடுத்த வரி என்ன வரும்? பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள்" என்றார். குழு உரையாடல், மாணவர் கேள்வி, பதில் என்று தாள் முழுக்கக் குறிகள். அதே அம்மா வேறொரு நாள் செல்பேசியில் கூகுள் ஃபார்ம் வழியாக அதே மாதிரிக் கேள்வியைக் கொடுத்தபோது, வாய் திறக்காத கடைசி பெஞ்சும் பதில் அனுப்பியது. கேள்வி கேட்கும் பழக்கம் உள்ள ஆசிரியர் கையில் தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் வகுப்பு திரைக்கு மாறியதோடு சரி. என் தரவில் திரும்பத் திரும்ப வந்தது இதுதான்.

ஆய்வேடு எழுதியதும், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையும் மற்றவர்களுக்கு நடப்பதுபோலத்தான் நடந்தன. 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒப்புமை 10% வரை தண்டனை இல்லை. மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. வினாப்பட்டியலைப் பின்னிணைப்பில் வைத்தால் அதையும் மென்பொருள் ஒப்புமையாகக் காட்டக்கூடும். நூலகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் சரியான இடத்தில் பிடித்தார்: "நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதாலேயே ஆசிரியர் நன்றாக நடத்தியிருக்கலாமே?" உண்மைதான். அதற்காகத்தான் ஒவ்வொருவர் வகுப்புக்கும் பல முறை போனோம், முதல் முறை எடுத்த குறிப்பைப் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார். தமிழில் நாங்கள் தயாரித்த நோக்குத்தாள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிவிட்டது. தேவைப்படுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.