புது பிஸ்டலைக் கம்பெனிக்கு இரண்டு தடவை அனுப்ப வேண்டியிருந்தது ஏன்?

பெட்டி பிரித்து ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) எடுத்துப்போன முதல் நாளே 200 தோட்டாவில் 17 வெடிக்கவில்லை. ட்ரிகரை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 9 மி.மீ., ஸ்ட்ரைக்கர் வகை (ஸ்பிரிங் விசையில் உள்ளே ஓர் ஊசி பாய்ந்து தோட்டாவைத் தட்டுவது), ஊரறிந்த அமெரிக்கத் தயாரிப்பு. அது சரியாகிக் கைக்கு வர ஒன்பது வாரம் பிடித்தது. அதில் முதல் ஐந்து வாரம் முழுக்க வீண். போனில் அரை மணி நேரம் விளக்கிச் சொன்ன எதுவும் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்கின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து வாரமாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சஸ். மற்ற மாநிலங்களில் மாறக்கூடிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், வாங்கிய கடைக்கு ஓட வேண்டாம். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற அரசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பின்னணிச் சோதனை முடிந்து, கடைவாசலைத் தாண்டிவிட்டால் அது பழைய துப்பாக்கிதான். டீலர் அதைத் திரும்ப எடுத்தால் புதிது என்று விற்க முடியாது. அதனால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை, மாற்றித் தருவதும் இல்லை. நான் போன கடையிலும் "கம்பெனியிடம் பேசுங்கள்" என்ற ஒற்றை வரிதான் கிடைத்தது. போக வர எழுபது மைல். ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்; பல கம்பெனிகளின் வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

அரசாங்கத்திடம் புகார் செய்யலாமே என்று தோன்றும். மிக்ஸி, தொட்டில், ஏணி எல்லாவற்றையும் கண்காணிக்க 1972 சட்டத்தால் உருவான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பழுதுள்ளதை மாற்றித் தரச் சொல்லும் 'லெமன் லா' என்பதும் வண்டிகளுக்குத்தான். ஆக, பிழையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதும் விடுவதும் கம்பெனியின் விருப்பம். கஸ்டமர் கேரில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். நம் கையில் இருப்பது அத்தாட்சி ஒன்றுதான். அதைச் சரியாகச் சேர்க்க வேண்டும்.

அத்தாட்சி ரேஞ்சிலேயே தொடங்குகிறது. தோட்டா வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு ஸ்லைடை (மேலே பின்னுக்கு நகரும் பகுதியை) இழுத்துத் தோட்டாவை வெளியே எடுங்கள். வழக்கத்தைவிட மெலிந்த சத்தத்தோடு வெடித்தால் அது வேறு விஷயம். அடுத்த தோட்டாவை ஏற்றாமல், காலி செய்து, பேரலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

வெடிக்காத தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிப்பக்க நடுவில் ஸ்ட்ரைக்கர் தட்டும் சின்ன மூடியை, பாருங்கள். என்னுடையதில் பள்ளம் நடுவில்தான் விழுந்திருந்தது, ஆனால் ஆழம் போதவில்லை. அதாவது ஸ்ட்ரைக்கர் தொடுகிறது, அறைகிற வேகம் இல்லை. இதற்கு நான்கு காரணம் வழக்கம்: ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயில் தொழிற்சாலை கிரீஸோ உலோகத் துகளோ கிடப்பது, ஸ்பிரிங் தளர்வாக இருப்பது, ஸ்ட்ரைக்கரின் முனை குட்டையாகவோ வளைந்தோ இருப்பது, ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்பது. ஐந்தாவதாகத் தோட்டாவே சரியில்லாமலும் இருக்கலாம். கம்பெனி முதலில் கை காட்டுவது இந்த ஐந்தாவதைத்தான். அதனால் அந்தக் கதவை முதலில் அடைக்க வேண்டும்.

அடைத்த விதம் இது. மூன்று பிராண்டு, குண்டின் எடை 115 கிரெயின் இரண்டு, 124 கிரெயின் ஒன்று, எல்லாம் தொழிற்சாலைத் தோட்டா. வீட்டில் நிரப்பிய ரீலோடு ஒன்றுகூட வேண்டாம். அதைச் சுட்டேன் என்று வாயைவிட்டால் வாரண்டி அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் ஓரத்திலும் லாட் நம்பர் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) அச்சாகியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டா நிரப்பும் இரண்டு மேகஸினுக்கும் மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். மூன்று பிராண்டிலும் இரண்டு மேகஸினிலும் கோளாறு வந்தது. வெடிக்காத 17-ஐ மறுபடி ஏற்றிச் சுட்டதில் 12 வெடித்தன. இதை வைத்துத் துப்பாக்கியின் குற்றம் என்று சாதிக்க முடியாது. முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளி உட்கார வைத்திருக்கும், ஆகவே தோட்டாவின் குறை என்பார்கள். அதே லாட்டில் 100 தோட்டாவை நண்பரின் வேறொரு 9 மி.மீ. பிஸ்டலில் சுட்டபோது 100-ம் வெடித்தன. வாதத்தை முடித்துவைத்த சோதனை இதுதான்.

பிறகு ஸ்லைடைப் பிரித்து ஸ்ட்ரைக்கர் குழாயைக் கரைப்பான் போட்டு இரண்டு முறை சுத்தம் செய்து, முழுக்க உலர்த்தினேன். குழாய்க்குள் எண்ணெய் கூடாது. எண்ணெய் அழுக்கைச் சேர்த்துக் குழம்பாக்கி, ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைத்துவிடும். சுத்தம் செய்த பிறகும் அதே கோளாறு.

இப்போது தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். இணையதளப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. போன் செய்தால் நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு ஒருவர் எடுத்தார், அனுப்பிய படிவமே அவர் திரையில் இல்லை. முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், லேபிள் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் வேலைச் சீட்டில் அவர் தட்டியது 'சில நேரம் சுடவில்லை என்கிறார்' என்ற ஒரு வரி. இது துப்பாக்கி திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் போனை வைப்பதற்கு முன், "சீட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள், படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

அனுப்பும் சட்டம் நமக்குச் சாதகமானது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்குத் தனிநபர் நேரடியாக அனுப்பலாம். அவர்களும் சரிசெய்ததையோ, அதே வகை மாற்றுத் துப்பாக்கியையோ நம் வீட்டுக்கே நேராக அனுப்பலாம். 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது, புதிதாக 4473 தேவையில்லை. ஆனால் தபால் நிலையத்துக்குத் தூக்கிப் போகாதீர்கள். தபாலில் கைத்துப்பாக்கி போகக் கூடாது என்று 1927-லேயே சட்டம் போட்டார்கள். பெரிய கூரியர் நிறுவனங்களும் இப்போது உரிமமும் ஒப்பந்தமும் உள்ளவர்களின் கணக்கில்தான் துப்பாக்கி எடுக்கின்றன. எனவே கம்பெனி தரும் லேபிள் இல்லாமல் ஒன்றும் நகராது. "நீங்களே அனுப்புங்கள், பிறகு பணம் தருகிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

லேபிள் கிடைத்ததும் பக்கத்துக் கடைத்தெருவில் இருக்கும் கூரியர் கடைக்குப் போனது இன்னொரு வீண் பயணம். அந்த மாதிரிச் சின்னக் கடைகளில் துப்பாக்கிப் பார்சலை வாங்க மாட்டார்கள். கூரியரின் சொந்த மையத்துக்கே போக வேண்டும், அல்லது வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்ல வேண்டும். அன்று வெள்ளி மாலை. மையம் திங்கள்தான் திறந்தது. மையத்தில் லேபிளோடு வந்த கம்பெனிக் கடிதத்தைக் காட்டுங்கள், நேரம் போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கட்டும் முறை: மேகஸினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஸ்லைடைத் திறந்த நிலையில் வைத்து, வாங்கும்போது கூடவே வந்த கேபிள் பூட்டை, காலிக் கூடு வெளியேறும் வாசல் வழியே விட்டு மேகஸின் குழி வழியே எடுத்துப் பூட்டுங்கள். சாவியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ரெட் டாட் (குறிபார்க்கும் கருவி), விளக்கு, உறை எதுவும் போகக் கூடாது. ட்ரிகரை வேறு பிராண்டுக்கு மாற்றியிருந்தால் பழையதைப் போட்டே அனுப்புங்கள். சீரியல் நம்பர் ஒட்டிய அசல் பிளாஸ்டிக் பெட்டி வீட்டில் இருக்கட்டும், போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. வெளி அட்டையில் துப்பாக்கி என்று தெரியும் எழுத்தோ படமோ கூடாது. தோட்டா வந்த அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்தவே கூடாது. அதில் இருக்கும் கறுப்பு வெள்ளை வைரக் குறி பார்சலை நடுவழியில் நிறுத்திவிடும்.

இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாள்: சுத்தம் செய்யப்பட்டது, எண்ணெய் இடப்பட்டது, 10 தோட்டா சுட்டுப் பார்க்கப்பட்டது, அளவுகள் சரி. எந்தப் பாகமும் மாற்றவில்லை. ரேஞ்சில் 100 சுட்டதில் 9 வெடிக்கவில்லை. ஐந்து வாரம் காத்திருந்து இந்தத் தாளைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பத்துத் தோட்டா சோதனை ஏன் போதாது என்று கணக்கே சொல்கிறது. 200-க்கு 17 என்றால் நூற்றுக்கு எட்டரை. அந்த விகிதத்தில் பத்தும் தொடர்ந்து வெடித்துவிட நூற்றுக்கு நாற்பத்தொன்று வாய்ப்பு இருக்கிறது. ஐம்பது சுட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்துவிடும். இரண்டாவது போனில் மேலதிகாரியைக் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். குறைந்தது 50 தோட்டா சுட வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதவைத்து, எழுதியதைப் படிக்கவும் வைத்தேன்.

இந்தத் தடவை பெட்டிக்குள் ஒரு பக்கக் கடிதம் போனது. மேலே வேலைச் சீட்டு எண், சீரியல் நம்பர். கீழே அட்டவணை: தேதி, பிராண்டு, கிரெயின், லாட் நம்பர், மேகஸின் எண், சுட்டது, வெடிக்காதது. நண்பரின் பிஸ்டலில் சுட்ட 100-ம் தனி வரியில். கடைசியில், "ஸ்ட்ரைக்கரையும் ஸ்பிரிங்கையும் அளந்து பார்க்கவும், தேவையானால் மாற்றவும்." கூடவே படங்கள். வெடிக்காத தோட்டாவையே அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம், பிரைமர் அடிபட்டாலும் அது உயிருள்ள தோட்டா. துப்பாக்கிப் பார்சலுக்குள் தோட்டா போகவே கூடாது. ரேஞ்சில் அதற்கென்று இருக்கும் தொட்டியில் போடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். நன்றாக அடிபட்ட காலிக் கூடு ஒன்றையும் வெடிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விளக்கை ஓரத்திலிருந்து தாழ்வாக அடித்தால் பள்ளத்தின் ஆழம் நிழலில் தெரியும். நேர் வெளிச்சத்தில் எடுத்த என் முதல் படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

அந்தப் பெட்டியோடு மேசையில் இன்னொரு கடிதமும் தயாராக இருந்தது. டெக்சஸ் நுகர்வோர் சட்டத்தில் வழக்குக்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 டாலர் வரை கேட்கலாம். அதை அனுப்ப வேண்டி வரவில்லை.

திரும்பி வரும் நாள்தான் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது. 21 வயது தாண்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவாக இருக்கும். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியை வைத்திருக்கவே, குறுகிய விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி, எச்-4 விசாவுக்கும் அதே விதி. அவர்கள் அந்தப் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது. ட்ராக்கிங் வந்ததும் மையத்திலேயே நிறுத்திவைக்கச் சொல்லி, நீங்களே அடையாள அட்டையோடு போய் வாங்குங்கள். பிரித்தவுடன் ஃபிரேமில் இருக்கும் சீரியல் நம்பரைத் தாளோடு ஒப்பிடுங்கள். மாற்றுத் துப்பாக்கி தந்திருந்தால் எண் மாறும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கி உரிமத்திலேயே எண் பதிவாகியிருப்பதால் உரிமத்தைத் திருத்த வேண்டும். கலிபோர்னியாவில் புதிய எண் என்றால் டீலரும் பத்து நாள் காத்திருப்பும் குறுக்கே வரும். இந்த இரண்டு மாநிலத்திலும் மாற்றித் தருகிறோம் என்றதும் சரி சொல்லிவிடாமல், பழுதுபார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது தாளில் மூன்று வரி இருந்தது: ஸ்ட்ரைக்கர் மாற்றம், ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் மாற்றம், 50 தோட்டா சோதனை. முன்பு கோளாறு காட்டிய அதே லாட்டுகளில் மிச்சம் வைத்திருந்த 250 தோட்டாவை இரண்டு நாளில் சுட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. பிரைமரில் பள்ளம் ஆழமாக, கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

சோதனைக்குச் செலவான தோட்டாவுக்குப் பணம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அப்படியானால் ஒரு மேகஸினாவது கொடுங்கள் என்று அதே மேலதிகாரிக்கு எழுதினேன். மேகஸின் துப்பாக்கி அல்ல, அதற்குக் கையெழுத்தும் வேண்டாம். எட்டாம் நாள் சாதாரணத் தபாலில் வந்து பெட்டியில் கிடந்தது. அதற்கும் மார்க்கரால் 3 என்று எழுதிவிட்டேன்.